கோலும் குழியும்



நீளம் வேறு, பரப்பு வேறு என்பதை உங்கள் கணித நூல் இரண்டே வரிகளில் சொல்லிவிடும். பக்கம் 3 அடியானால் சதுரத்தின் பரப்பு 9 சதுர அடி. பக்கத்தை இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். இது தேர்வுக்குரிய பாடம் மட்டும் அன்று. ஒரு குடியானவன் களத்தில் அளந்து கொடுக்க வேண்டிய நெல்லின் அளவே இதனைப் பொறுத்து நின்றது என்பதை நம் நாட்டு வரலாறு காட்டுகிறது.

நிலம் அளக்க நம் முன்னோர் கொண்ட கருவி கோல். கோலின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்திற்குக் குழி என்று பெயர். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி என்பது பெருவழக்கு. ஆகவே குழி என்பது இங்கே பள்ளம் அன்று. அதுவே நம் சதுர அலகு. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மனப்பாடம் செய்த வர்க்க வாய்பாட்டிற்கும் குழிமாற்று என்றே பெயர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதற்கு நிலத்தின் பெயரையே சூட்டினர் தமிழர்.

முதலாம் இராசராசன் கி.பி. 1001ஆம் ஆண்டையொட்டித் தன் நாட்டு நிலங்களை அளப்பித்தான். அப்பணியை நடத்திய சேனாபதி குரவன் என்பார் உலகளந்தான் என்னும் பட்டம் பெற்றார். பின்னர் 1086இல் முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் நிலம் அளக்கப்பட்டது. இவ்வளவு முயற்சி எதற்கு? வரியை முறையாக விதிப்பதற்கே. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்கள் பலவற்றில் வேலி ஒன்றுக்கு 100 கலம் நெல் என்ற வீதத்தைக் கல்வெட்டுகளில் காண்கிறோம்.

ஆனால் கோல் எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. 12 சாண் கோலும் இருந்தது. 16 சாண் கோலும் இருந்தது. பாண்டி நாட்டில் சுந்தரபாண்டியன் கோல் வழங்கிற்று. கோல் மாறினால் என்ன நேரும் என்று நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

பக்கம் 480 சாண் உள்ள சதுர வயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16 சாண் கோலால் அளந்தால் பக்கம் 30 கோல். பரப்பு 900 குழி. 12 சாண் கோலால் அளந்தால் பக்கம் 40 கோல். பரப்பு 1,600 குழி. வயல் ஒன்றே, வரப்பு ஓரங்குலமும் நகரவில்லை. வேலிக்கு 2,000 குழி, 100 கலம் எனக் கொண்டால், முதல் அளவையில் 45 கலமும் இரண்டாம் அளவையில் 80 கலமும் இறுக்க நேரிடும். கோல் குறைந்தது கால் பங்குதான். சுமையோ ஏறத்தாழ இருமடங்கை நெருங்கிவிட்டது. கோயிற் சுவரிலே கோலின் நீளத்தைக் கல்லில் குறித்து வைத்ததன் அருமை இப்போது விளங்குகிறதல்லவா? ஊரார் யாவரும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க சான்று அது.

இராசராசன் காலத்து அளவையில் ஒரு வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை கணக்கிட்டதாக ஆய்வாளர் கூறுவர். தஞ்சை வழக்கில் வேலி சுமார் 6⅔ ஏக்கர். அப்படியானால் அந்தப் பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். அது எவ்வளவு சிறியது? வர்க்கமூலம் காணுங்கள்: பக்கம் 0.7 மில்லிமீட்டர். கடுகினும் சிறிய அந்நிலத்தைக் கோல் கொண்டு அளந்திருக்க இயலாது. பின்னங்களைப் பின்னங்களால் பெருக்கிய கணக்கர் ஏட்டிலேதான் அது பிறந்திருத்தல் வேண்டும்.

எங்கள் வாசுதேவநல்லூரை உள்ளிட்ட பழைய திருநெல்வேலிச் சீமையில் நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று விதையாலும் சொல்லுவர். எழுத்தறியாத உழவருக்கும் பரப்பின் இயல்பை விளக்கும் அளவை அது. பக்கம் இருமடங்கான வயலுக்கு விதை நான்கு மடங்கு வேண்டும் என்பதை அவர் கை அறியும். ஒரு கோட்டை விதைப்பாட்டுச் சதுர வயலை இரண்டு கோட்டை விதைப்பாடாகப் பெருக்க வேண்டுமானால் பக்கத்தை இரண்டால் பெருக்குதல் கூடாது. 2இன் வர்க்கமூலமாகிய சுமார் 1.414ஆல் பெருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பரப்பிற்குச் செல்ல வர்க்கம். பரப்பிலிருந்து பக்கத்திற்குத் திரும்ப வர்க்கமூலம்.

இன்று பட்டாவில் ஹெக்டேரும் ஏரும், பேச்சில் ஏக்கரும் சென்டும் வழங்குகின்றன. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் மனை சதுரமாக இருந்தால் அதன் பக்கம் எத்தனை அடி? 2,178இன் வர்க்கமூலம் கண்டால் 46 அடி 8 அங்குலம் என்று வரும். உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருநாள் பெரியோரிடம் கேட்டு வாங்கி, அதிலுள்ள நீள அகலங்களைப் பெருக்கிப் பாருங்கள். எழுதியிருக்கும் பரப்புடன் அது ஒத்துவருகிறதா என்று சரிபார்க்கத் தெரிந்தவனை, எந்தக் கோல் கொண்டு வந்தாலும் எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.