ஃபிட்ஸ்ஜெரால்டின் கதை படமான வழி

1930-இன் கடைசியில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 'பாபிலோன் ரீவிசிட்டட்' சிறுகதையை எழுதியபோது, மனைவி செல்டா ஸ்விட்சர்லாந்தில் மனநல மருத்துவமனையில் இருந்தார். மகள் ஸ்காட்டிக்கு ஒன்பது வயது. பிள்ளையை வளர்க்க ஸ்காட் தகுதியற்றவர் என்று செல்டாவின் அக்கா எண்ணினார். அந்தக் காயம்தான் கதை. குடியால் குடும்பத்தைத் தொலைத்த சார்லி, திருந்திப் பாரிசுக்குத் திரும்பி வருகிறான். இறந்துபோன மனைவியின் சகோதரியிடம் வளரும் மகள் ஹொனோரியாவைக் கேட்கிறான். பழைய குடிகாரக் கூட்டாளிகள் இருவர் அழையாமல் வீட்டுக்குள் நுழைய, கைகூடி வந்த காரியம் கெட்டுப்போகிறது. 1931 பிப்ரவரியில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வெளியானது.

1940-இல் தயாரிப்பாளர் லெஸ்டர் கோவன் உரிமையை வாங்கி, திரைக்கதையையும் ஃபிட்ஸ்ஜெரால்டையே எழுத வைத்தார். சிறுமி ஹொனோரியா அதில் விக்டோரியா ஆனாள். அந்த வேடத்தில் ஷெர்லி டெம்பிள் நடிக்க வேண்டுமென்று ஃபிட்ஸ்ஜெரால்டு ஆசைப்பட்டார். படம் தொடங்கவே இல்லை. அந்த டிசம்பரில் அவர் மாரடைப்பில் இறந்தார், வயது 44.

பிறகு கதை எம்ஜிஎம் கைக்குப் போனது. 'காசாபிளாங்கா' எழுதிய எப்ஸ்டைன் சகோதரர்களின் எழுத்தும் இயக்குநர் ரிச்சர்ட் புரூக்ஸின் எழுத்தும் சேர்ந்து, 1954-இல் 'தி லாஸ்ட் டைம் ஐ சா பாரிஸ்' வந்தது. ஜெரோம் கெர்ன் இசையமைத்த பாட்டின் பெயர் அது. பங்குச்சந்தை சரிந்த காலத்துப் பாரிஸ், இரண்டாம் உலகப்போர் முடிந்த பாரிசாக மாறியது. கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்ட சார்லியின் மனைவி ஹெலன், எலிசபெத் டெய்லரின் முகத்தோடு படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டாள். ஒரு தகப்பனின் கதை காதல் படமானது இப்படித்தான்.

என்னை வதைக்கும் மாற்றம் வேறு. கதையில் சார்லி ஆத்திரத்தில் கதவைப் பூட்டுகிறான்; ஹெலன் வெளியே பனியில் அலைகிறாள். அந்த இரவை அவள் தாண்டிவிடுகிறாள், பின்னாளில் இதயநோயால் இறக்கிறாள். ஆனாலும் அந்தப் பூட்டு அவனை விடவில்லை. படத்தில் சார்லியாக நடித்த வான் ஜான்சன் போதையில் நினைவிழந்து மாடிப்படியில் கிடக்கிறார்; பனியில் நனைந்த ஹெலன் அதனாலேயே சாகிறாள். சாவு நேரடியாகிறது, ஆனால் கதவை அடைத்த கோபம் காணாமல் போகிறது. கோபம் போனபின் மன்னிப்பு எளிது: முடிவில் மகள் அப்பாவிடம் வந்துவிடுகிறாள். ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த ஆறுதலைச் சார்லிக்குத் தரவில்லை, அதுவே சரி.

படத்தின் காப்புரிமைக் குறிப்பில் ரோமன் எண்ணைத் தவறாக அச்சிட்டு, 1954 என்பதை 1944 ஆக்கிவிட்டார்கள். 28 ஆண்டுக் காலம் அந்தத் தேதியிலிருந்தே கணக்கானதால், 1972-லேயே படம் பொதுவுடைமையாயிற்று. யாரும் நகலெடுக்கலாம், மங்கலான பிரதிகள் பெருகின. ஃபிட்ஸ்ஜெரால்டின் படமாகாத திரைக்கதை 1993-இல் புத்தகமாக வந்தது.