ஐ லவ் யூ புழுவும் புடாபெஸ்ட் உடன்படிக்கையும்

2000 மே 4 அன்று, ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்தவர்களின் கணினிகளில் ஒரு புழுநிரல் புகுந்தது. அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அது தன்னையே அனுப்பியது, கோப்புகளைச் சிதைத்தது, கடவுச்சொற்களையும் திருட முயன்றது. பிரித்தானிய நாடாளுமன்றமே மின்னஞ்சல் சேவையை நிறுத்திவைத்தது.

திருடிய கடவுச்சொற்கள் பிலிப்பீன்சிலுள்ள ஒரு மின்னஞ்சல் முகவரிக்குச் செல்லுமாறு நிரல் எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் பிலிப்பீன்சின் தேசியப் புலனாய்வுப் பணியகமும் இணைந்து, சில நாள்களிலேயே மணிலாவில் ஒரு வீட்டை அடையாளம் கண்டன. ஆளைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. அவர்மீது என்ன வழக்குத் தொடுப்பது என்பதே சிக்கலானது.

நச்சுநிரல் பரப்புவதைக் குற்றமாக்கும் சட்டம் அப்போது பிலிப்பீன்சில் இல்லை. சோதனை ஆணை பெறுவதற்கே நாள்கள் கழிந்தன. கடன் அட்டை மோசடி போன்றவற்றுக்காக 1998இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அது பொருந்தாதென்று அந்நாட்டு நீதித்துறை ஆகஸ்டில் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. இதற்கிடையில் ஜூன் 14 அன்று மின்வணிகச் சட்டம் கையொப்பமானது. ஆனால் மே மாதச் செயலுக்கு ஜூன் மாதச் சட்டத்தால் தண்டனை தர முடியாது. அமெரிக்காவுடனான நாடுகடத்தல் ஒப்பந்தமும் பயன்படவில்லை. ஒரு செயல் இரு நாடுகளிலும் குற்றமாக இருந்தால்தான் ஒருவரை ஒப்படைக்க முடியும்.

இந்த நிகழ்வால்தான் புடாபெஸ்ட் உடன்படிக்கை பிறந்தது என்று சொல்வது சரியன்று. ஐரோப்பிய மன்றம் 1997 முதலே அதற்கான பணியில் ஈடுபட்டிருந்தது. எனினும் அதன் தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வழக்கு வேறில்லை எனலாம். 2001 நவம்பர் 23 அன்று கையொப்பத்திற்கு வைக்கப்பட்டு, 2004 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கை, குறிப்பிட்ட செயல்களை உறுப்பு நாடுகள் அனைத்தும் தத்தம் சட்டத்தில் குற்றமாக்க வேண்டும் என்கிறது. வேறொரு நாடு கேட்டால், அழிந்துபோகக்கூடிய கணினித் தரவுகளை உடனே பாதுகாத்து வைக்க வேண்டும். 24 மணிநேரமும் இயங்கும் தொடர்பு மையமும் வேண்டும்.

தெற்காசியாவில் முதலாவதாக இலங்கை 2015இல் இணைந்தது. பிலிப்பீன்ஸ் இணைந்தது 2018இல்தான். வரைவில் தனக்குப் பங்கில்லை என்பதைச் சுட்டி இந்தியா வெளியே நிற்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2024 டிசம்பர் 24 அன்று ஏற்ற தனி உடன்படிக்கை, 40 நாடுகள் உறுதிப்படுத்திய பிறகே நடைமுறைக்கு வரும்.