கிரீவிகீல்: இறந்தோர் இல்லமும் வாழ்வோர் முற்றமும்

அயர்லாந்தின் வடமேற்கில், ஸ்லைகோ மாவட்டத்துக் கிளிஃபனி என்னும் சிற்றூருக்கு அண்மையில் கிரீவிகீல் எனப்படும் பெருங்கல் ஈமச்சின்னம் உள்ளது. இது 5,500 ஆண்டுகளுக்கும் முற்பட்டதாகும். உலோகத்தை அறியாது, கற்கோடரியால் காடு திருத்திப் பயிரிட்ட அந்நாட்டின் தொடக்ககால உழவர் மரபினரே இதனை எழுப்பினர்.

இத்தகைய சின்னங்கள் அயர்லாந்தில், பெரும்பாலும் அதன் வடபகுதியில், ஏறக்குறைய 400 காணப்படுகின்றன. ஈமவறைகளின் முன்னே, நிறுத்திய கற்களால் சூழப்பெற்ற திறந்த முற்றம் ஒன்று இருத்தலே இவற்றின் தனியியல்பு. ஆதலின் அறிஞர் இவற்றை முற்றக் கல்லறைகள் என வழங்குவர்.

1935ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர் ஹியூ ஹென்கனின் தலைமையில் கிரீவிகீலை அகழ்ந்தாய்ந்தனர். ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள கற்குவியலின் கிழக்கு முனையில் ஒரு குறுகிய வழி உண்டு. அதனூடே சென்றால் நீள்வட்ட முற்றத்தை அடைகிறோம். அதற்கப்பால், மேலே கிடைக்கல் தாங்கிய வாயிலும், ஒன்றன்பின் ஒன்றாக இரு அறைகளும் உள்ளன. எரிந்த எலும்புகள், மட்கலங்கள், தீட்டிய கற்கோடரிகள், கல் அம்புமுனைகள் ஆகியவை அங்குக் கிடைத்தன.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இறந்தோர்க்கு உரிய அறைகள் சிறியவை, இருண்டவை. முற்றமோ பலர் கூடி நிற்றற்கு ஏற்றவாறு வானம் நோக்கி விரிந்துள்ளது. இறந்தோரை வைப்பதே நோக்கமாயின் இம்முற்றம் வேண்டுவதில்லை. எனவே வாழ்வோர் தம் முன்னோர் எதிரே ஒன்றுகூடுவதற்கும் இக்கட்டடம் அமைந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். டவுண் மாவட்டத்து ஆட்லிஸ்டவுண் கல்லறையில் 1952இல் நிகழ்ந்த அகழ்வாய்வும் இவ்வகையில் நோக்கத்தக்கது. அங்கு ஆண், பெண், சிறார் என 34 பேரின் எச்சங்கள் கிடைத்தன. ஒரு தலைவனின் நினைவுக்கெனத் தனித்து எழுந்த சின்னம் அன்று அது.

எனினும், அம்முற்றத்தில் எழுந்த சொற்கள் எவையென எக்கல்லும் கூறாது. பிற்காலத்தோர் இத்தகைய கல்லறைகளை அரக்கர் புதைகுழி என்றும், துரூயிதர் எனப்பட்ட கெல்திய குருமாரின் பலிபீடம் என்றும் அழைத்தனர். துரூயிதர் காலமோ இவை எழுந்து மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. அயர்லாந்தில் கிறிஸ்தவம் பரவிய முற்காலத்தில் கிரீவிகீல் முற்றத்திலேயே இரும்பு உருக்கும் உலை ஒன்று இயங்கிற்று. அவ்வுலையில் உழைத்தோர்க்கும் இக்கற்கள் பழம்பொருளே.

எழுத்தறியா மக்களின் சமய உணர்வை ஆராய்வோர், அவர்கள் கூறாததை அவர்கள் வாயில் இடுதல் தகாது. இறந்தோரைத் தம் குழுவினின்று அவர்கள் முற்றும் நீக்கிவிடவில்லை என்பதற்கு அம்முற்றமே சான்றாகும். அதற்கு மேற்செல்லும் இடத்தில் வரலாற்றாசிரியன் அடக்கத்தோடு நிற்றலே முறை.