கம்பம் பள்ளத்தாக்கில் பந்தச் சிலம்பம்

கம்பின் இரு முனைகளிலும் தீ வைத்துச் சுழற்றுவது சிலம்பத்தில் கடைசியாகக் கற்றுத்தரும் பாடங்களுள் ஒன்று. தேனியிலும், அங்கிருந்து தென்மேற்கே கூடலூர் வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கிலும் அம்மன் கோயில் திருவிழா ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுவோர் வந்தால், கூட்டம் காத்திருப்பது இந்தப் பந்தத்துக்குத்தான். அடிதடிக்கு எந்த வகையிலும் உதவாத வித்தை அது. சண்டைக்காக வளர்ந்த ஒரு கலையில் இந்த அலங்காரம் முன்னுக்கு வந்ததற்குக் காரணம் ஊரின் வரலாற்றில் இருக்கிறது.

மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை, நடுவில் முல்லையாறு. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு இருபோக நெல் பெருகும் முன்பு, ஆற்றுக் கால்வாய் எட்டாத நிலமெல்லாம் மானாவாரிப் புன்செய்யும் மேய்ச்சல் காடுமாகவே கிடந்தது. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு இன்றும் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். மாடு மேய்ப்பவருக்கும், போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலக்காட்டுக்கு ஏறி இறங்குபவருக்கும், களத்தில் நெல்லுக்குக் காவல் படுப்பவருக்கும் கையில் ஒரு கம்பு வேண்டியிருந்தது. ஆயுதம் என்று சொல்லிக்கொள்ளாமல் வைத்திருக்கக்கூடிய ஆயுதம் அது ஒன்றுதான்.

மதுரைச் சீமையின் காவல் முறை இந்தக் கம்பின் மேல்தான் நின்றது. ஊரார் காவல்கூலி தருவார்கள். களவு போனால் மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ காவல்காரர் பொறுப்பு. ஆங்கிலேய ஆட்சி போலீசைக் கொண்டுவந்த பிறகு இந்த ஏற்பாடு குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1896-இல் திண்டுக்கல் பக்கத்தில் காவல்கூலிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1918-இல், காவல் தொழிலில் பலர் இருந்த பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதுமே அதன்கீழ் அறிவிக்கப்பட்டது. மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். பதிவான ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், பலர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல்தான் சட்டம் நீங்கியது.

பகல் வேலை முடிந்து, களத்திலோ ஊர்ப் பொட்டலிலோ இருட்டியபின் பழகும் ஒரு வித்தைக்கு இப்படிப்பட்ட சட்டத்தின்கீழ் எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை எளிதாக ஊகிக்கலாம். காவல் தொழில் போனது. கம்புச் சண்டையின் தேவையும் அதோடு சுருங்கியது. கோயிலும் திருவிழாவும் மட்டும் மாறவில்லை. கம்பு அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு அதைத் திரையும் எடுத்துக்கொண்டது: ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) உள்ளிட்ட படங்களில் எம்.ஜி.ஆர். சுழற்றிய கம்பைப் பார்த்த தலைமுறைக்குச் சிலம்பம் என்றால் முதலில் கண்ணில் நிற்பது சுற்றுதான்.

சுற்று என்பது சண்டைக்கு முன்னோட்டமான பயிற்சி. வாத்தியாரையும் மண்ணையும் தொட்டு வணங்கியபின் மாணவன் வெறுங்கையோடு காலடிதான் முதலில் பழகுவான். கால் தானாக நகரத் தொடங்கியபின் கையில் கம்பு வரும். நின்றால் நெற்றி மட்டத்துக்கு எட்டும் மூங்கில், பெரும்பாலும் சிறுவாரை. மணிக்கட்டால் வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம். இரண்டும் சேர்ந்தால் உடம்புக்கு முன் எட்டு வடிவம் விழும். பிறகு தலைக்கு மேல், முதுகுக்குப் பின், கை மாற்றி, எதிர்த்திசையில். தோளால் வீசுகிறவன் சீக்கிரம் களைத்துப்போவான்; மணிக்கட்டால் சுழற்றுகிறவனுக்குக் கம்பின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். எந்தக் கையில் கம்பு பழகியதோ அதற்கு எதிர்க்கையும் அதே அளவு பழக வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் தேங்குகிறார்கள். இரட்டைக் கம்புக்கு வரும்போது அந்தக் குறை மறைக்க முடியாமல் வெளியே தெரியும்.

பந்தம் இதற்கெல்லாம் பிறகு. கம்பின் முனைகளில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முடிந்து, மண்ணெண்ணெயில் நனைப்பார்கள். தீ வைக்குமுன் எண்ணெயை நன்றாக உதறிவிட வேண்டும். உதறாவிட்டால் முதல் சுற்றிலேயே எரியும் துளிகள் கூட்டத்தின் மேல் தெறிக்கும். அதற்கும் முன்பு பல நாள் தீயில்லாத பந்தத்தோடு பழக்கம். துணி சுற்றியதும் முனையின் கனம் கூடுவதால் வேகமும் பிடியும் மாறிவிடுகின்றன. சுழலும்போது சுவாலை பின்னால் இழுபட்டு, கையைவிட்டு விலகியே இருக்கிறது. பயந்து வேகத்தைக் குறைப்பவனிடம்தான் அது மேல்நோக்கி எழுந்து கையை எட்டும். பந்தத்தில் அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் நிறுத்தும்போது. பாலியெஸ்டர் சட்டையை வாத்தியார்கள் அனுமதிப்பதில்லை. தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். ஓரத்தில் ஈரச்சாக்கோடு ஒருவர் நிற்பார். பார்வையாளர் அவரைக் கவனிப்பதேயில்லை.

நெருப்பைச் சுழற்றும் பழக்கம் சிலம்பத்துக்கு மட்டும் உரியதல்ல. தமிழகத்தின் பல பகுதிகளில் கார்த்திகையன்று சிறுவர்கள் மாவளி சுற்றுவார்கள். ஆண்பனையின் பூவைக் காயவைத்துக் குழியில் கரியாக்கி, பொடித்து, துணியில் குழலாகக் கட்டி, பனைமட்டைப் பிளவுகளுக்கிடையே வைத்துக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுற்றினால் காற்றுப் பட்டுக் கரித்தூள் பொறிப்பூவாகச் சிதறும். சிவகாசி மத்தாப்பு மலிந்தபின் அது அருகிவிட்டது. கடல் கடந்தால் நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் ‘போய்’ ஆட்டம் இருக்கிறது: கயிற்றின் நுனியில் நாணற் பந்து, கையில் தாளம். போர் ஆயுதம் பிடிக்க மணிக்கட்டை வலுப்படுத்தவே ஆண்கள் அதைப் பழகினர் என்றொரு மரபு அங்கே சொல்லப்படுகிறது. பின்னர் அது பாட்டோடு சேர்ந்த ஆட்டமாக நிலைத்தது. பந்துக்குப் பதிலாகத் தீயைக் கட்டியது மிக அண்மைக்கால மேடை வழக்கம்.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்திப் போகும் கூட்டத்தைப் பார்த்தால், இந்தப் பக்கத்து மக்கள் கையில் நெருப்பெடுப்பதற்குத் தயங்குபவர்கள் அல்லர் என்பது தெரியும். ஆனால் தீச்சட்டி நேர்த்திக்கடன். விரதமிருந்தால் யாரும் ஏந்தலாம். பந்தம் பயிற்சி. இரண்டும் ஒரே தெருவில் போனாலும் ஒன்றல்ல.

இன்று பள்ளி மாணவர்களும் மாணவியரும் சிலம்பம் கற்க வருவது பெரும்பாலும் போட்டிக்காக. விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு அரசு வேலை ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தபின் பெற்றோரின் ஆர்வம் வேறு விதமாகக் கூடியது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போட்டிகளில் ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு, சுருள்வாள் வீச்சு, மான்கொம்பு வீச்சு என்று தனியாக நின்று சுழற்றும் பிரிவுகளே அதிகம். எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை ஒரு பிரிவு மட்டுமே. நடுவர் பார்ப்பது வேகம், காலடி, கம்பு கை நழுவாமை. தீப்பந்தத்துக்குப் புள்ளி இல்லை. அதைக் கற்க விரும்புபவர் திருவிழாவுக்குக் கம்பு சுற்றப் போகும் ஊர் வாத்தியாரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.