நின்று நிலைக்கும் தர்மம்: வக்ஃபு வரலாற்றில் இறைநம்பிக்கையும் மக்கள் தொண்டும்

மார்க்கப் பற்று மனிதனை மக்கள் தொண்டுக்குத் தூண்டுகிறது என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. ஆனால் அத்தூண்டுதல் எவ்வாறு செயற்படுகிறது? ஒருவர் உள்ளத்தில் ஒரு பொழுதில் எழும் இரக்கம், அவர் மறைந்து பல நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் பசித்தவருக்கு உணவாகவும் பிணியாளருக்கு மருந்தாகவும் எவ்வாறு போய்ச் சேருகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் இஸ்லாமிய வரலாற்றில் வக்ஃபு என்னும் அறநிலைய முறையை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். டமாஸ்கஸ், கெய்ரோ, ஜெரூசலம் ஆகிய மூன்று நகரங்களின் அறநிலையங்களை முன்னிறுத்தி, இம்முறையின் ஆற்றலையும் அதன் பலவீனத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேரைக் காத்துக் கனியை வழங்குதல்

கைபர் வெற்றிக்குப் பின் (கி.பி. 628) அப்பகுதியில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட விருப்பத்திற்குரிய செல்வம் எதனையும் தாம் பெற்றதில்லை என்று கருதிய அவர்கள், அதனை என்ன செய்யலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலப்பொருளை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாக்கும் வழியை நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்தார்கள். அவ்வாறே அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்பாக வழங்கப்படவோ, வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படவோ கூடாது என்னும் நிபந்தனையுடன் ஏழைகள், உறவினர், அடிமை விடுதலை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்கென ஒதுக்கப்பட்டது. நிலத்தைப் பராமரிப்பவர் தம் தேவைக்கு நியாயமான அளவில் மட்டும் அதிலிருந்து உண்ணலாம். அதனைக் கொண்டு செல்வம் சேர்த்தல் கூடாது.

புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெறும் இச்செய்தியில், பிற்கால வக்ஃபுச் சட்டத்தின் கூறுகள் அனைத்தும் கருவாக அமைந்திருப்பதைக் காணலாம். கொடுத்தவர், கொடுக்கப்பட்ட சொத்து, பயன்பெறுவோர், பராமரிப்பாளர் ஆகிய நான்கும் இங்கே வரையறுக்கப்பட்டுவிட்டன.

இதற்கு உந்துதலாக அமைந்தது மறுமை பற்றிய நம்பிக்கையாகும். மனிதன் இறந்தவுடன் அவனுடைய செயல்கள் யாவும் நின்றுவிடுகின்றன. ஆனால் தொடர்ந்து பயனளிக்கும் தர்மம், பிறர் பயன்கொள்ளும் கல்வி, பெற்றோருக்காகப் பிரார்த்திக்கும் நன்மக்கள் ஆகிய மூன்றின் நன்மை அவனைச் சென்றடைந்து கொண்டே இருக்கும் என்பது நபிமொழியின் கருத்து. இதனையே ‘ஸதகத்துல் ஜாரியா’, அதாவது ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம் என்பர். கீழக்கரை வள்ளலைச் ‘செத்தும் கொடுத்த சீதக்காதி’ என்று தமிழுலகம் போற்றி வருவதும் ஏறத்தாழ இதே கருத்தைத்தான் உணர்த்துகிறது. இறப்புக்குப் பின்னும் கொடுக்க வேண்டும் என்னும் வேட்கை, தனக்குப் பின் வரும் காலத்தையும் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு சட்டப் பத்திரத்தை வேண்டி நின்றது. வக்ஃபு அதனை அளித்தது.

டமாஸ்கஸின் மருத்துவமனை

கி.பி. 1154இல் டமாஸ்கஸைத் தம் ஆட்சிக்குட்படுத்திய நூருத்தீன் ஸங்கி, அங்கு ஒரு மருத்துவமனையை நிறுவினார். ‘பீமாரிஸ்தான்’ என்பது நோயாளர் இல்லம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். உமையாப் பள்ளிவாசலுக்கு அண்மையில் எழுந்த அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. அதில் அரபு மருத்துவ, அறிவியல் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது.

ஸ்பெயினிலிருந்து ஹஜ் பயணம் மேற்கொண்ட இப்னு ஜுபைர், 1184இல் டமாஸ்கஸில் தங்கியிருந்தபோது இம்மருத்துவமனையைக் கண்டு தம் பயண நூலில் எழுதியுள்ளார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 தீனார் அங்குச் செலவிடப்பட்டது என்றும், நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்கு வேண்டிய மருந்து, உணவு ஆகியவற்றின் செலவும் பதிவேடுகளில் குறிக்கப்பட்டிருந்தன என்றும், மருத்துவர்கள் அதிகாலையில் வந்து ஒவ்வொருவரையும் பார்வையிட்டு உரிய மருந்துகளைத் தயாரிக்கப் பணித்தனர் என்றும் அவர் கூறுகிறார். மனநோயாளருக்கும் அங்குச் சிகிச்சை இருந்தது. பயணியின் கண்ணில் பதிவேடு பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. கணக்கு எழுதப்படும் இடத்தில்தான் தர்மம் நிலைபெறும்.

மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ, அம்மருத்துவமனையில் பயின்றவர். அவர் தரும் செய்திப்படி, தலைமை மருத்துவர் அபுல் மஜ்து நோயாளிகளைப் பார்வையிட்ட பின் அங்கிருந்த பெரிய மண்டபத்தில் அமர்வார். நூருத்தீன் வழங்கிய மருத்துவ நூல்களை வைத்துக்கொண்டு மாணவர்களுக்குப் பாடம் நடக்கும். முஸ்லிம் மருத்துவரான முஹத்தபுத்தீன் அத்தக்வாரும் யூத மருத்துவரான இம்ரானும் அதே மருத்துவமனையில் கலந்தாய்ந்து நோய் தீர்த்ததையும் அவர் மெச்சி எழுதியுள்ளார். 1230இல் மறைந்த அத்தக்வார், டமாஸ்கஸில் இருந்த தம் சொந்த இல்லத்தை மருத்துவக் கல்விக்கூடமாக வக்ஃபு செய்தார்.

அந்நகரில் வக்ஃபின் பரப்பு எத்துணை விரிந்திருந்தது என்பதற்கு 1326இல் அங்கு வந்த இப்னு பதூதா சான்று பகர்கிறார். ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவர், திருமணச் சீர் வாங்க வழியற்ற குடும்பத்துப் பெண்கள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் என ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனி அறக்கட்டளைகள் இருந்ததை அவர் பட்டியலிடுகிறார். ஒரு நாள் தெருவில் ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டைத் தவறவிட்டு உடைத்துவிட்டான். கூடி நின்றவர்களுள் ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு கூறினார். சிறுவனும் அவ்வாறே சென்று காட்ட, வேறொரு தட்டு வாங்கத் தேவையான பணம் அவனுக்குக் கிடைத்தது. எசமானனின் அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சி நிற்கும் ஒரு சிறுவனின் துயரத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதற்கென்று சொத்து ஒதுக்கிய ஒருவர் அந்நகரில் வாழ்ந்திருக்கிறார்.

நோயாளியின் நேர்ச்சை

நூருத்தீனின் மருத்துவமனை தன் எல்லைக்கு அப்பாலும் பயன் விளைத்தது. எகிப்தியப் படைத்தலைவர்களுள் ஒருவராக இருந்த கலாவூன், டமாஸ்கஸில் கடும் வயிற்று நோயால் துன்புற்றார். நூருத்தீன் மருத்துவமனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மருந்துகளால் அவர் குணமடைந்தார். பின்னர் அம்மருத்துவமனையை நேரில் கண்டு வியந்து, அல்லாஹ் தமக்கு ஆட்சியை அளித்தால் இத்தகைய ஒன்றை நிறுவுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். 1279இல் கலாவூன் சுல்தானானார். 1284-85ஆம் ஆண்டுகளில் கெய்ரோவின் நடுவே மன்ஸூரி மருத்துவமனை எழுந்தது.

அரசனும் அடிமையும், பெரியவரும் சிறியவரும், ஆணும் பெண்ணும் அதில் பயன்பெற வேண்டும் என்பது சுல்தானின் நோக்கமாக இருந்தது. காய்ச்சல், கண்நோய், அறுவைச் சிகிச்சை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு கூடங்கள் அமைந்தன. வக்ஃபுப் பத்திரம் சிறு செய்திகளையும் விட்டுவைக்கவில்லை. கோடையில் நோயாளிகளுக்குப் பனையோலை விசிறிகள் வழங்க வேண்டும், உணவுக் கலங்களை மூடி வைக்க வேண்டும், இறந்தவர்களின் கஃபன், அடக்கச் செலவுகளை ஏற்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டிலேயே படுத்திருக்கும் ஏழை நோயாளிக்கும் மருந்தும் உணவும் அனுப்பப்பட்டன. நுரையீரல் வழியாகக் குருதி செல்லும் முறையை விளக்கிய மாமருத்துவர் இப்னுந் நஃபீஸ், 1288இல் மறைந்தபோது தம் இல்லத்தையும் நூலகத்தையும் இம்மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

நலம்பெற்ற நோயாளி மருத்துவமனை நிறுவுகிறார். அங்கு ஊழியம் செய்த மருத்துவர் தம் உடைமைகளை வழங்குகிறார். அறச்செயல் ஒன்று மற்றொன்றை ஈன்றெடுத்த வரலாறு இது.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு கறை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மருத்துவமனை எழுந்த இடம் முன்பு ஃபாத்திமி அரச குடும்பத்தின் மாளிகை. அப்போது அதில் அய்யூபி மரபின் இளவரசி ஒருவர் வாழ்ந்து வந்தார். அவருக்கு வேறோர் அரண்மனை மாற்றாகத் தரப்பட்டாலும், அவர் விரும்பி வெளியேறவில்லை. கட்டடப் பணியை மேற்பார்வையிட்ட அமீர், நகரின் தொழிலாளர்களை வற்புறுத்தி வேலை வாங்கினார். இதனால் அவ்வளாகத்தில் தொழுவது முறையாகுமா என்று மார்க்க அறிஞர் சிலர் தயங்கினர். இதனையும் மக்ரீஸியே பதிவு செய்துள்ளார்.

கலாவூனின் நேர்ச்சை இறைநம்பிக்கையிலிருந்து பிறந்தது. அதனை நிறைவேற்றிய முறையைக் கேள்விக்குள்ளாக்கிய அறிஞர்களின் தயக்கமும் அதே நம்பிக்கையிலிருந்தே பிறந்தது. நோயாளிக்கு நன்மை விளைகிறது என்பதால் உழைப்பாளிக்கு இழைத்த அநீதி ஆகுமாகிவிடாது என்று அவர்கள் உணர்ந்திருந்தனர். மார்க்கம் கொடையாளரை உருவாக்குவதோடு அமையாமல், அக்கொடையாளரை நிறுத்துப் பார்க்கும் தராசையும் சமுதாயத்தின் கையில் கொடுத்திருந்தது.

ஜெரூசலத்தின் அடுப்பு

சுல்தான் சுலைமானின் துணைவியார் குர்ரம் சுல்தான், சிறைபிடிக்கப்பட்டு அடிமையாக உதுமானிய அரண்மனைக்கு வந்து, பின் பேரரசின் அரசியாக உயர்ந்தவர். அவர் 1552இல் ஜெரூசலத்தில் ஓர் அன்னசாலையை நிறுவினார். பள்ளிவாசல், பயணியர் தங்கும் 55 அறைகள், சமையற்கூடம் ஆகியன அதில் அமைந்தன. காலையில் அரிசிக் கஞ்சியும் மாலையில் கோதுமைக் கஞ்சியும் ரொட்டியுடன் வழங்கப்பட்டன. ஊழியரும் அறைகளில் தங்கியோரும் நீங்கலாக ஏழைகள் 400 பேருக்கு அன்றாடம் உணவளிக்கப் பத்திரம் வகை செய்தது. வெள்ளிக்கிழமை இரவுகளிலும் ரமளான் இரவுகளிலும் இறைச்சிச் சோறும் குங்குமப்பூவும் தேனும் சேர்ந்த இனிப்புச் சோறும் உண்டு. பாலஸ்தீனக் கிராமங்கள் பலவற்றின் வருவாய் இதற்கென எழுதி வைக்கப்பட்டது. 1558இல் அவ்வம்மையார் மறைந்தார். பேரரசும் மறைந்தது. ஆயினும் அவர் மூட்டிய அடுப்பு நம் காலம் வரை எரிந்து வந்துள்ளது.

அமானிதமும் பராமரிப்பாளரும்

எல்லா அறநிலையங்களும் இவ்வாறு நீடிக்கவில்லை. 1798இல் பிரெஞ்சுப் படையுடன் வந்தோர் மன்ஸூரி மருத்துவமனையைக் கண்டபோது, அது தன் பழைய நிலையிலிருந்து வெகுவாகத் தாழ்ந்திருந்தது. இடையில் பல வக்ஃபுகளின் நிலங்கள் நீண்ட காலக் குத்தகைகளில் சிக்கின. வருவாய் பராமரிப்பாளர் கைகளில் கரைந்தது. ஆட்சியாளர்களும் அவ்வப்போது கைவைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலீ பாஷா எகிப்தின் வக்ஃபு விளைநிலங்களை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்.

இவ்வீழ்ச்சியின் காரணங்களைப் புறத்தே மட்டும் தேடுவது போதாது. கொடுத்தவரின் நம்பிக்கை பத்திரத்தில் எழுத்தாக நிற்கும். ஆனால் அதனை நடத்துவோரின் நம்பிக்கையை எந்தப் பத்திரமும் எழுதி வைத்துவிட இயலாது. ஒவ்வொரு தலைமுறையிலும் முத்தவல்லியின் உள்ளத்தில் அது புதிதாகப் பிறக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களின் வக்ஃபில் பராமரிப்பாளருக்கு விதிக்கப்பட்ட எல்லை, தொடக்கத்திலேயே இந்த ஆபத்தை உணர்த்திவிட்டது.

இந்திய முஸ்லிம்களுக்கு இது பழங்கதையன்று. நம் ஊர்களில் பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் ஏழைகளுக்குமென விடப்பட்ட நிலங்கள் இதே சட்ட மரபில் வந்தவை. 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, நாட்டில் பதிவு பெற்ற வக்ஃபுச் சொத்துகள் 4.9 லட்சம் என்றும், அவற்றின் பரப்பு ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர் என்றும் கணித்தது. சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட அச்சொத்துகளிலிருந்து கிடைத்த ஆண்டு வருவாயோ 163 கோடி ரூபாய் மட்டுமே. நூற்றுக்குப் பத்து என்னும் அளவிலேனும் வருவாய் கிடைத்தால் ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய் திரளும் என்று அக்குழு சுட்டிக்காட்டியது. ஆக்கிரமிப்பும் அற்ப வாடகையும் சீர்கெட்ட நிர்வாகமும் எத்தனை மாணவரின் கல்வியையும் எத்தனை நோயாளிகளின் மருந்தையும் விழுங்கின என்பதற்கு இவ்விரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தொலைவே சான்று. 2025ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டம் எழுப்பிய விவாதங்களில் அரசின் தலையீடு பற்றிப் பெரிதும் பேசப்பட்டது. அது பேச வேண்டிய பொருளே. அதனோடு நம் கைகளில் இருந்த காலத்தில் அமானிதத்தை நாம் எவ்வாறு பேணினோம் என்னும் வினாவும் பேசப்படுதல் வேண்டும்.

முன்னோர்கள் மறுமையை எண்ணிக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்ததைக் காப்பவர்களும் மறுமையில் கேட்கப்படும் கணக்கை எண்ணியே காக்க வேண்டும். ஊர்தோறும் ஜமாஅத்தின் பெட்டகத்தில் உறங்கும் பழைய வக்ஃபுப் பத்திரங்களை எடுத்துப் படித்து, கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார், இன்று அது எதற்காகச் செலவாகிறது என்று ஒப்பிட்டு நோக்கி, அக்கணக்கை மக்கள் முன் வைப்பது இதற்குரிய முதற்பணியாகும். டமாஸ்கஸின் தெருவில் தட்டை உடைத்துவிட்டுக் கலங்கி நின்ற சிறுவனுக்குக் கைகொடுத்தது, என்றோ கொடுத்தவரின் ஈகையும் அன்று அதனைக் காத்து நின்ற பொறுப்பாளரின் நேர்மையும் சேர்ந்தேயாகும்.