குதிரைப்படைக் கார்பைன்களின் சேவை வரலாற்றை அறிதல்

கார்பைன் என்பது குதிரை வீரர்கள் பயன்படுத்திய, குழல் குட்டையான துப்பாக்கி ஆகும். காலாட்படையின் 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கியின் குழல் 39 அங்குலம். குதிரைப்படையின் பேஜட் கார்பைனின் குழல் 16 அங்குலமே. ஓடும் குதிரையின் மேல் குண்டு கெட்டிக்கும்போது கைதவறிக் கீழே விழாதபடி, கெட்டிக்கும் கோலைக் குழலோடு கீல் வைத்துப் பிணைத்திருந்தனர்.

பாரமகால் பின்னணி

1791-இல் ஓசூர் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையின் மீது நடந்த தாக்குதல் தோற்றது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, பாரூர் உள்ளிட்ட பாரமகால் பகுதி கம்பெனி வசமாயிற்று. பின்னர் 1824-இல் ஓசூர் மத்திகிரியில் படைக் குதிரைகளுக்காகப் பண்ணை ஒன்று அமைக்கப்பட்டது. இதனால் இப்பகுதியில் பழைய துப்பாக்கி எதைக் கண்டாலும் 'திப்பு காலத்தது' என்று சொல்லிவிடுவது வழக்கம். அது சரிதானா என்பதைத் துப்பாக்கியில் உள்ள குறிகளே சொல்லிவிடும்.

குறிகளைப் படிக்கும் முறை

விசைத் தகட்டை முதலில் பார்க்க வேண்டும். நான்காகப் பிரித்த இதய வடிவம் கம்பெனியின் பழைய முத்திரை. 1808 முதல் அதற்குப் பதிலாக, மகுடம் ஏந்தி நிற்கும் சிங்கம் பொறிக்கப்பட்டது. திப்பு சுல்தான் இறந்தது 1799-இல். எனவே, சிங்க முத்திரை உள்ள தகடு அவர் காலத்ததாக இருக்க முடியாது. அவருடைய தொழிற்சாலைகளில் செய்த துப்பாக்கிகள் பலவற்றில் புலி வரிகளும், அவர் வகுத்த மௌலூதி ஆண்டும் காணப்படும்.

விசைத் தகடு, குழல், கட்டை மூன்றையும் தனித்தனியே ஆராய்வது அவசியம். பழுது பார்க்கும்போது ஒன்றின் பாகம் மற்றொன்றில் சேர்ந்திருக்கலாம். தீக்கல் விசையை எடுத்துவிட்டுத் தொப்பி வெடி விசை பொருத்தியதும் உண்டு.

படைப்பிரிவு எண்

பித்தளைப் பாகங்களிலோ கட்டையிலோ உள்ள எண் பெரும்பாலும் படைப்பிரிவைக் குறிக்கும். ஆனால் எண்கள் காலந்தோறும் மாறின. 1776-இல் ஆற்காடு நவாபின் படையில் தோன்றிய ஒரு குதிரைப்படை, 1788-இல் மதராஸ் குதிரைப்படையின் 2-ஆம் பிரிவாயிற்று. 1903-இல் அது 27-ஆம் இலகு குதிரைப்படை, 1922-இல் 16-ஆவது. அதே பெயரில் இன்றும் இந்திய இராணுவத்தில் உள்ளது. ஆகவே, 1820-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் உள்ள '2' என்ற எண்ணை இன்றைய பட்டியலில் தேடினால் தவறான படையே கிடைக்கும். துப்பாக்கியின் காலத்தை முதலில் உறுதி செய்து, பிறகே எண்ணைப் படிக்க வேண்டும்.

குறிகளின் எல்லை

குறி, துப்பாக்கி யாருடையது என்பதைச் சொல்லும். எந்தப் போரில் சுட்டது என்பதைச் சொல்லாது. அதற்கு அப்படைப்பிரிவு எங்கெங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் பழைய ஆவணங்கள் உள்ளன. துருவைப் போக்குவதாகக் குறிகளைத் தேய்த்துவிட்டால், ஆவணத்தோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருப்போர் மாணவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி, அதைப் பளபளப்பாக்காமல் இருப்பதே.