பெருந்தொற்றுக்கால வதந்திகள் (இலங்கை)

கொள்ளைநோய்க் காலத்தில் நோயின் தோற்றம், மருந்து, தடுப்பூசி, இறந்தோர் அடக்கம் ஆகியவை குறித்து ஆதாரமின்றிப் பரவும் கதைகளும் சதிக் கோட்பாடுகளும் இத்தலைப்பில் அடங்கும். கொவிட்-19 பரவிய காலத்தில் இலங்கையில் இவை சட்டத்துக்குள்ளும் நுழைந்தன.

முன்வரலாறு

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, கொல்வதற்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். மறு ஆண்டு இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பின்னாளில் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் தமிழ்நாட்டிலுள்ள மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டனர். 2020இலும் அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டமே கையிலெடுக்கப்பட்டது.

வதந்தி சட்டமானது

2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொவிட்டால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் வைரசு உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். உடலைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே கூறியிருந்தது. அடக்கம் செய்ய ஜனாசாவை (இறந்தவர் உடலை) பெற முடியாமல் முஸ்லிம் குடும்பங்கள் தவித்தன. 2021 மார்ச்சில்தான் கிழக்கு மாகாணத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர் கொவிட்டுக்கு மருந்தென்று கொடுத்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்தனர். காளி அருளிய மருந்து என்றார் அவர். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு அடுத்த மாதமே தொற்று உறுதியானது.

மலையகம்

2021இல் தடுப்பூசி ஏற்றினால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் ஹட்டனிலிருந்து சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி வரையிலான தோட்டங்களில் அந்த அச்சத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1980களில் கருத்தடை அறுவைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களிடம் முழுச் சம்மதம் பெறாமலே அந்த அறுவை செய்யப்பட்டதாக மனித உரிமை ஆர்வலர்கள் பதிவுசெய்துள்ளனர். பட்ட அனுபவம் இருக்கும் இடத்தில் வதந்தி எளிதாகப் பற்றிக்கொள்ளும்.

எதிர்கொள்ளல்

அச்சப்படுபவரை அறியாதவர் என்று ஏசினால் வதந்திக்கே பலம் சேரும். அவர் மொழியில், அவர் நம்பும் குடும்பநல மருத்துவிச்சியோ ஆசிரியரோ தொழிற்சங்கத் தலைவரோ, ஊசியில் என்ன இருக்கிறது, ஏற்றியபின் காய்ச்சல் ஏன் வரும் என்று முன்கூட்டியே விளக்க வேண்டும். கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவை, பேசியவர் யார், எப்போது, எங்கே என்று தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்பக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்பாக, அரசு தான் செய்த தவறை உடனே ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு, எரிக்கப்பட்ட எந்த உடலையும் மண்ணுக்குத் திருப்பித் தரவில்லை.